ஆட்டுக்கு அடுத்து அப்பா

ஆவூர்

அன்பு மகள் மெர்லினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே அப்பாவின் இரண்டு முட்டிகளைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் உன் ஆராய்ச்சி ஆடுகளும் சுகந்தானே? போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் மெல்போர்னுக்குத் திரும்பும் ஜெபக்குமாரிடம் முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

முட்டி ஜவ்வு சுத்தமாகத் தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்து முட்டியையே மாற்றிவிடலாம் என்று திருச்சி டாக்டர் சொல்லி வருஷமாகிறது, உன் அப்பா அசைய மாட்டேன் என்கிறார். எல்லாம் நீ அனுப்பிய வீடியோவால் வந்த வினை. ஜவ்வு வளர உன் மருந்தை வைத்த ஆடு எழுந்து நடந்ததே, அதை டீக்கடையில் காட்டினார், பங்குச் சாமியாரிடம் காட்டினார், கடைசியில் அந்த டாக்டரிடமே காட்டி, ஆடு நடந்துருச்சு, அடுத்து நாந்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். டீக்கடையில் கேட்ட இருளாண்டி தன் நொண்டி ஆட்டை நம் வாசலில் கட்டிவிட்டு, பாப்பா இதையும் சேத்துக்குமாங்க என்று நிற்கிறார். அது என் மல்லிகைச் செடியை மொட்டையடித்துவிட்டது. இவரோ பூசையில் முழந்தாளிட முடியாமல் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார், எழும்போது முனகுவது எனக்குக் கேட்கக் கூடாதென்று இருமுகிறார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை மெர்லின். உன் மருந்து மனிதர்களுக்கு வரப் பத்து வருஷமாவது ஆகுமாம் என்றேன், எம் மவ சீக்கிரம் முடிச்சிரும் என்கிறார். சரியென்று, அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் நீ என்னிடம் போனில் சொன்னதையும் அவரிடம் போட்டு உடைத்தேன். உள்ளே ஜவ்வு எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்கக் கடைசியில் ஆட்டை அறுத்துவிடுவீர்களாமே. மனிதர் தின்றுகொண்டிருந்த தோசையைப் பாதியில் வைத்துவிட்டார்.

மறுநாள் அவராகவே டாக்டரிடம் நாள் கேட்கச் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனால் இடது முட்டிக்கு மட்டும்தானாம். ரெண்டையும் எடுத்துட்டு இரும்ப வச்சுட்டா, மவ மருந்தோட வந்து நிக்கிறப்ப எதைக் காட்டுறது, வலது அதுக்கு இருக்கட்டும் என்கிறார். ஈஸ்டர் கழித்து ஆபரேஷன், எப்படியாவது லீவு போட்டு வந்துவிடு. மருந்து இல்லாவிட்டால் போகிறது, வெறுங்கையோடு வா.

குளிர் வந்தால் முட்டியை மூடிக்கொள், உனக்கும் அப்பாவின் முட்டிதான். பெரியநாயகி மாதா உனக்குத் துணையிருப்பாள்.

உன்னை வாசலில் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா அருளம்மாள்