ஆடும் மெஷினும் அட்டை அண்ணனும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு பெண்ணின் வாயைப் பூட்டினேன். நேரில் அல்ல, அந்தத் தைரியமெல்லாம் நமக்கு ஏது? இணையத்தில்.

வீட்டுச் சாமான்களைத் தாங்களே பழுது பார்ப்பவர்கள் கூடும் மன்றம் எங்களுடையது. சில வருடங்களுக்கு முன் 'ஈரத்துணி' என்ற பெயரில் ஒருவர், துணி பிழியும்போது வாஷிங் மெஷின் அறை முழுக்க நடக்கிறது என்று புலம்பியிருந்தார். "ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வையுங்கள். எங்கள் வீட்டில் அதன்பின் மெஷின் அசைந்ததே இல்லை" என்று எழுதினேன். ஒரே கைதட்டல். 'அட்டை அண்ணன்' பட்டமும் நிர்வாகி பதவியும் அந்த அட்டை போட்ட பிச்சை.

இன்று அவர் திரும்பி வந்திருக்கிறார். "அட்டை சரிப்படல. நிஜக் காரணம் இப்பதான் தெரிஞ்சுது. நாளைக்குப் படத்தோட போடறேன்."

அப்புறம் என் பட்டம் என்னாவது? 'பழைய உரையாடல், மூடப்படுகிறது' என்று போட்டுப் பூட்டிவிட்டேன்.

மார்ச் 5

ஒன்றை மட்டும் பூட்டினால் சந்தேகம் வருமே? ஒரு வருடம் தாண்டிய எல்லாவற்றையும் பூட்ட வேண்டும் என்று விதியே கொண்டுவந்தேன். இன்னொரு நிர்வாகியான பல் டாக்டர் போன் செய்தார்.

"ஏங்க, பதில் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? கதவைச் சாத்திட்டா வர்றவங்க அப்படியே திரும்பிப் போயிடுவாங்க."

"செத்த பேச்சை எழுப்பி எதுக்குங்க ஒப்பாரி?"

"சொத்தையைச் சுத்தம் பண்ணாம மேல அடைச்சா உள்ள அழுகும். என்னைக் கேளுங்க."

ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவர். வேறென்ன சொல்வார்?

மனைவி வழக்கம்போல ஓடும் மெஷின்மேல் ஏறி உட்கார்ந்து, அவள் அக்காவோடு போனில் ஊர்க்கதை. குரல் தழுதழுக்கிறது. என்ன பாசமோ!

மார்ச் 9

என் விதிக்கு மன்றத்தில் நடந்த வாக்கெடுப்பில் ஜெயித்தேன். ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 16

மன்றத்துக்குப் புதிதாக வந்த ஒரு பையன். போன மாதம்தான் கல்யாணமாம். தனியாக எழுதியிருக்கிறான்:

"அண்ணா, நீங்க சொன்னபடி அட்டை வச்சேன். மெஷின் நகர்ந்து குழாயைப் பிடுங்கிடுச்சு. கீழ் வீட்டுக் கூரையெல்லாம் தண்ணி. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா காலி பண்ணுங்கன்னு ஓனர் சொல்லிட்டார். அந்த அக்கா என்னமோ சொல்ல வந்தாங்களே, அதை மட்டும் திறந்து விடுங்கண்ணா."

அண்ணாவாம். தூ — என்னைத்தான் சொல்கிறேன்.

மார்ச் 17

திறந்தேன். 'விதிக்காகப் பூட்டவில்லை, என் மானத்துக்காகப் பூட்டினேன்' என்று எல்லோரும் பார்க்க எழுதினேன். விதியையும் வாபஸ் வாங்கினேன். 'எங்கள் வீட்டில் அட்டை வேலை செய்தது உண்மை' என்று ஒரு வரி சேர்க்காமல் இருக்க முடியவில்லை. நாய் வால்.

மார்ச் 18

ஈரத்துணி வந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மூடினதும் நான்தான் ஏதோ தப்பா எழுதிட்டேன்னு பயந்துட்டேன். அதான் வரவே இல்ல. வீடு மாத்தறப்போ மெஷினைத் தூக்க வந்தவர் பின்பக்கத்தைப் பாத்துச் சிரிச்சாருங்க. புதுசா வாங்கறப்போ, வண்டியில உள்ள இருக்கற டிரம் ஆடாம இருக்கப் பின்பக்கம் நாலு போல்ட் போட்டு அனுப்புவாங்களாம். கழட்டிட்டுத்தான் ஓட்டணுமாம், இல்லேன்னா மெஷினே ஆடுமாம். நாங்க கழட்டவே இல்ல!"

ஒரு மணி நேரத்தில் பையனிடமிருந்து பதில்: "கழட்டிட்டேன். பூனை மாதிரி ஓடுது."

மார்ச் 19

மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "என்ன இருந்தாலும் நம்ம வீட்ல அட்டை நின்னுதே?" என்றேன்.

"எந்த அட்டை? அது மறுநாளே நனைஞ்சு கூழாப் போச்சு, பெருக்கித் தள்ளிட்டேன். பிழியறப்போ மெஷினை அமுக்கிட்டு மேல உக்காந்திருக்கறது யாருன்னு நினைச்சீங்க? ஒரு நாளாவது துணி போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

மெஷினின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். நாலு போல்ட்டும் இருக்கின்றன.