எர்த் குழிக்கு ஒரு குடம்

நவம்பர் இரண்டு, காலை ஆறு நாற்பது. 230 வோல்ட், 2 ஆம்பியர்.

உன் மோட்டார் கொட்டகையில் கரன்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். காயிலைப் புதிதாகச் சுற்றியாயிற்று. பழைய காயில் கருகிய வார்னிஷ் நாற்றம் மட்டும் ஆவணியிலிருந்து இங்கேயே நிற்கிறது. கல்லறைத் திருநாள். ஊரே பூவும் மெழுகுவத்தியுமாய்ப் போகிறது, உன் மனைவியும் போயிருக்கிறாள். நான் போகவில்லை. உன்னிடம் பேச வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

எர்த் கம்பியில் லைனைக் கொடுத்தால் ஓடுவது 2 ஆம்பியர்; 230-ஐ 2-ஆல் வகுத்தால் 115 ஓம். அதுதான் உன் எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ். ஐந்துக்குள் இருக்க வேண்டியது; ஆவணியில் நீ போன மறுநாள் அளந்தபோதும் இதேதான். குழி காய்ந்து பாளமாகக் கிடக்கிறது; ஈரம் இருந்தால்தான் கசிகிற கரன்ட் மண்ணில் இறங்கும். அன்றைக்குக் காயில் கருகி மோட்டார் பாடிக்குக் கரன்ட் வந்தபோது இந்தக் குழி வழியாக மண்ணில் இறங்கியது வெறும் 2 ஆம்பியர். பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் அதற்கெல்லாம் போகாது. பாடி முழு 230 வோல்ட்டில் நின்றது. நீ ஈரக் காலோடு வந்து கை வைத்தாய்.

ஆடியில் இதே இடத்தில் நின்று சொன்னேன், வாரம் ஒரு குடம் அந்தக் குழியில் ஊற்று என்று. சிரித்தாய்.

"ஆத்துல முறை வச்சு விடுறான் மாப்ள. பயிருக்கே தண்ணி இல்ல, நீ குழிக்குக் குடிக்கக் குடுக்கச் சொல்ற. குழியில என்ன, நெல்லா வெளையப் போவுது?"

"நீயும் என்கூடத்தானடா பாலிடெக்னிக் படிச்ச?"

"படிச்சேன். வகுத்தா ஓம், பெருக்குனா வாட்டு. வகுத்துப் பெருக்குனா வயல்ல பாயுமா?"

இரண்டு மாதமாக வகுத்துப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன். ஈர உடம்பு சுமாராக ஆயிரம் ஓம். அப்படியானால் 0.23 ஆம்பியர். அதை 230-ஆல் பெருக்கினால் 53 வாட். மண்ணுக்குள் வீணாய்ப் போனது 460 வாட். உனக்கு 53 போதுமாயிருந்தது. உன் வீட்டு வாசலில் எரிகிற குண்டு பல்புக்கே அறுபது வேண்டும். விடை சரிதான். எத்தனை தடவை போட்டாலும் சரியாகத்தான் வருகிறது. வந்து என்ன?

நேற்று உன் மனைவி வந்தாள்.

"அண்ணே, மழையும் ஏமாத்திருச்சு. தாளடி நட்ட வயலு வெடிச்சுக் கெடக்கு. மோட்டாரை மாட்டிக் குடுங்க."

"அந்த மோட்டாரையாம்மா?"

"வேற மோட்டாருக்கு நான் எங்கண்ணே போவேன்? போடுறதும் நிறுத்துறதும் இனி நான்தான். பாத்துக்குறேன்."

போனவள் வரப்பில் நின்று திரும்பினாள். "அவருக்கு ரொம்ப நேரம் வலிச்சிருக்குமாண்ணே?"

என்னிடம் வோல்ட் இருந்தது, ஆம்பியர் இருந்தது, ஓம் இருந்தது. அவள் கேட்டது எதிலும் இல்லை. "தெரியலம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாமியார் கல்லறைகளை மந்திரித்து முடித்ததும் அவள் நேரே இங்கேதான் வருவாள். அதற்குள் செய்ய வேண்டியது:

1. வாய்க்கால் பள்ளத்தில் தேங்கியிருக்கிற கடைசித் தண்ணீரைக் குழியில் ஊற்றுவது. வயல் காத்திருக்கட்டும்.

2. மறுபடி அளப்பது. ஐந்துக்குள் வராவிட்டால் இன்றைக்கு மோட்டார் ஓடாது. புதுக் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டபிறகுதான். அவள் திட்டினால் திட்டட்டும்.

3. கரன்ட் கசிந்தால் தானே விழுகிற பிரேக்கரை மாட்டுவது. வாங்கி வந்துவிட்டேன். ஆவணியில் இந்தக் கொட்டகையில் இல்லாதது.

4. மோட்டாரைப் போட்டு, டெஸ்டர் வைத்துப் பார்ப்பது. அப்புறம் நீ கை வைத்த அதே இடத்தில் கை வைப்பது. அவள் கைக்கு முன்னால் என் கை.