மகள் கிண்ணத்தில் நண்டு

ஷாம் ஷுயி போ,
ஹாங்காங்.
நவம்பர் 4

அன்பு மகள் ஹோய்-லாமுக்கு அம்மா எழுதுவது.

எல்லாரும் நல்லபடியாக மெல்பர்ன் போய்ச் சேர்ந்ததில் சந்தோஷம். நான் சுகம். பொத்தான் கடையில் வியாபாரம் மந்தம், ஆனால் ஈ ஓட்டுகிற அளவுக்கு இல்லை. மாப்பிள்ளை போக்-யினின் சட்டைக்கு நான் தைத்துக் கொடுத்த பொத்தான் நிற்கிறதா என்று பார். விமானத்தில் நீ எதுவும் சாப்பிடவில்லை என்று மாப்பிள்ளை சொன்னான். ஏன் என்று கேட்டால் மழுப்புகிறான்.

கைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் வாயைத் திறந்ததும் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய். பின்னால் சம்பந்தியம்மா இருமுகிற சத்தம் கேட்கிறது. பெற்ற மகளோடு பேச அவளுடைய மாமியாரின் இருமலைத் தாண்டி வர வேண்டுமென்றால் எனக்குச் சரிப்படாது. இதைத் தனியாக உட்கார்ந்து படி.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்குப் பொறாமை. நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் நம் தெருச் சாப்பாட்டுக் கடை ஃபூன் கீயில் சாப்பிட்டோமே, அன்றிலிருந்து வயிறு எரிகிறது. நீயும் அதே மேஜையில்தான் இருந்தாய். ஆனால் நீ பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு.

உட்கார்ந்ததுமே ஆரம்பித்தது. கடைக்காரி குவென் அக்கா கிண்ணங்களையும் சாப்பிடும் குச்சிகளையும் வழக்கம்போல எறியாத குறையாக வைத்துவிட்டுப் போனாள். இங்கே எல்லாரும் செய்வதுபோல நீ கெட்டிலை எடுத்து, சூடான தேநீரை ஊற்றி, முதலில் சம்பந்தியம்மாவின் கிண்ணத்தைக் கழுவினாய். அப்புறம்தான் என்னுடையது. மாமியாருக்கு முதல் மரியாதை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய கரண்டியைக்கூடத் திருப்பித் திருப்பிக் கழுவினாய். என்னுடையதில் ஒரு முக்கு.

பிறகு நான் சாப்பாடு சொன்னேன். என் ஊர், என் தெரு, நான் அழைத்த விருந்து. உனக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சொன்னேன்: இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்ட நண்டு, புளித்த சோயாக் கட்டியில் வதக்கிய தண்ணீர்க்கீரை, குடிக்கப் பார்லித் தண்ணீர். சம்பந்தியம்மா கை கழுவுகிற சாக்கில் எழுந்து போனார். போய் வந்த பிறகு என் கீரை காணாமல் போய், கடுகுக்கீரை வந்தது. பார்லித் தண்ணீருக்குப் பதில் உனக்கு வெறும் வெந்நீர். குவென் அக்காவைக் கூப்பிட்டு, "நான் சொன்னது என்ன, நீ கொண்டு வந்தது என்ன?" என்று கேட்டேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ரெண்டு மாமியாருங்க ஒரே மேஜைல உக்காந்தா நான் யார் பேச்சக் கேக்கறது? வந்தத தின்னுங்க, வெளில கூட்டம் நிக்குது," என்று போய்விட்டாள்.

சரி, பல்லைக் கடித்துக்கொண்டேன். நண்டு வந்தது. இந்தப் பருவத்தில் முட்டையும் கொழுப்புமாக எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். சம்பந்தியம்மா அந்தத் தட்டை உன் எதிரிலிருந்து நகர்த்தி மகன் முன்னால் வைத்தார். மகனுக்கு! நான் பெரிய கொடுக்கை எடுத்து, உடைத்து, சதையை முழுசாக உருவி உன் கிண்ணத்தில் வைத்தேன். அவர் தம் குச்சியை நீட்டி அதை எடுத்துத் தம் கிண்ணத்தில் போட்டுக்கொண்டார். "லாம் இப்பல்லாம் நண்டு திங்கறதில்ல, சம்பந்தி," என்றார், என்னமோ உன்னைப் பெற்றவர் மாதிரி.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வீம்பு. "பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே நண்டுச் சாறு குடிச்சு வளர்ந்தவ அவ. நீங்க அவளப் பாக்கறது ஒரு வருஷமா. நான் பொறந்ததுலேருந்து பாக்கறேன்," என்றேன். இன்னொரு கொடுக்கை உடைத்து மறுபடி உன் கிண்ணத்தில் வைத்தேன். நம் மேஜையில் இடம் பகிர்ந்துகொண்டு மண்சட்டிச் சோறு தின்றுகொண்டிருந்த அந்தக் கிழவர், குதிரைப்பந்தயத் தாளை இறக்கிவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார். "பாவம்மா அந்தப் பொண்ணு, கிண்ணம் ஒண்ணுதானே இருக்கு," என்று இடையில் வேறு பேசினார்.

நீ என்னைப் பார்த்தாய். சம்பந்தியம்மாவைப் பார்த்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அந்த நண்டைத் தின்றாய். சம்பந்தியம்மாவின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்தாயா? குச்சியைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளையும் சாப்பிடவில்லை. அதைவிட ருசியான நண்டை நான் இந்தப் பிறவியில் தின்றதில்லை, போ.

கோபித்துக்கொள்ளாதே. ஒரே பெண்ணை வளர்த்து, கடல் தாண்டி அனுப்பிவிட்டு, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று இன்னொருத்தி வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. போன வருஷம் நான் அங்கே வரட்டுமா என்றபோது அறை இல்லை என்றாய். அந்த அறையில்தான் அவர் இருக்கிறார். எனக்கு ஒரு பாய் போதும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீயாகச் சொல்வாய் என்று இருந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. சம்பந்தியம்மாவுக்கும் சொல், மரியாதைக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா


ஷாம் ஷுயி போ,
ஹாங்காங்.
நவம்பர் 9

அன்பு மகள் லாமுக்கு,

போன கடிதம் வந்திருந்தால் கிழித்துப் போடு. இன்னும் வராவிட்டால், வந்ததும் பிரிக்காமல் கிழித்துப் போடு. நீ செய்ய மாட்டாய், உனக்கு என் குணம்.

முதலில் இதற்குப் பதில் சொல். உடம்பு எப்படி இருக்கிறது? அடிவயிறு இழுக்கிறதா? இடுப்பு வலிக்கிறதா? ஏதாவது இருந்தால் டாக்டரிடம் போ, மறைக்காதே. அங்கே டாக்டர்கள் நண்டு தின்றால் ஒன்றும் ஆகாது என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கட்டும் என்று கோவிலில் பத்தி ஏற்றிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

எப்படித் தெரிந்தது என்கிறாயா? நேற்று மதியம் ஃபூன் கீயில் தனியாகக் கஞ்சி குடிக்கப் போனேன். குவென் அக்கா கிண்ணத்தை டொக்கென்று வைத்துவிட்டு, "ஏண்டி யுக்-சிம், பாட்டியாகப் போற, அதுக்கு ஏன் மூஞ்சிய இஞ்சி மாதிரி வச்சிருக்க?" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாரு பாட்டி?" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அடிப்பாவி, உனக்குத் தெரியாதா? அன்னிக்கு உன் சம்பந்தி சமையல்கட்டு வாசல் வரைக்கும் வந்து, 'அந்தப் பொண்ணுக்குக் குளிர்ச்சியா எதுவும் வேணாம், தண்ணிக்கீரை வேணாம், பார்லி வேணவே வேணாம்'னு கெஞ்சினாங்களே. அதுக்கு மேலயும் ஒருத்தி சொல்லணுமா என்ன?"

கஞ்சியை அப்படியே வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குவென் அக்காவே எதிரில் உட்கார்ந்தாள். அந்தக் கடையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "ரெண்டு வாய் நண்டுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுடி. அதுல இஞ்சிதான் அவ்ளோ கிடந்துச்சே. நானும் மாசமா இருக்கறப்ப இங்கயே இறால் உரிச்சிக்கிட்டே தின்னவதான். பையன் இப்ப லாரி ஓட்றான்," என்றாள். இஞ்சியின் சூடு நண்டின் குளிர்ச்சியை எடுத்துவிடும் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? ராத்திரி கண்ணை மூடினால் நீ தலையைக் குனிந்துகொண்டு மெல்லுவதுதான் தெரிகிறது.

குளிர்ச்சி கருவுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியாததா? உன்னைச் சுமந்தபோது பார்லித் தண்ணீர் விற்கிற பக்கம்கூட நான் நடந்ததில்லை. ஒரு சாடை காட்டியிருந்தால் போதுமே. நண்டை விடு, கடையையே காலி செய்யச் சொல்லியிருப்பேன்.

பயம் கொஞ்சம் தணிந்ததும் பழைய பொறாமை எழுந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று மாதம் முடிகிறவரை வெளியாட்களிடம் மூச்சு விடக்கூடாது, வயிற்றில் இருப்பது ரோஷக்காரப் பிள்ளை, கோபித்துக்கொண்டு போய்விடும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அதனால் நீ வாயை மூடிக்கொண்டாய், சரி. ஆனால் நான் வெளியாளா? சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. கஞ்சிக்கடைக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் குதிரைப்பந்தயக் கிழவருக்கும் தெரிந்திருக்கும், யார் கண்டது!

ஒரே வீட்டில் இருக்கிறவர். காலையில் நீ குளியலறைக்கு ஓடுவதைப் பார்த்திருப்பார். நீ சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. சொன்னாயா, அவராகக் கண்டுபிடித்தாரா என்று நான் கேட்க மாட்டேன். கேட்காமலும் இருக்க முடியவில்லை. எழுது.

அந்த அம்மாளைப் பற்றியும் யோசித்தேன். அன்றைக்கு நான் அத்தனை பேர் முன்னால் அவரை மட்டம் தட்டினேன். "அவ மாசமா இருக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயடைத்துப் போயிருப்பேன். அவர் சொல்லவில்லை. அந்தச் செய்தி எனக்கு உன் வாயால் வர வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறார். நான் பேசியதையெல்லாம் விழுங்கிக்கொண்டு, பேரப்பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று குச்சியைக் கீழே வைத்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. இதை எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்: அவர் நல்லவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் லாம், என்னால் தாங்க முடியாதது வேறு. நீ ஏன் அதைத் தின்றாய்? சின்ன வயதில் பாகற்காயை உன் கிண்ணத்தில் வைத்தால் தூக்கி என் கிண்ணத்திலேயே போடுவாய். நான் கத்துவேன், நீயும் கத்துவாய். எத்தனை நாள் அதே கடையில் குவென் அக்கா வந்து விலக்கிவிட்டிருக்கிறாள். அந்தப் பிடிவாதக்காரி எங்கே போனாள்? சம்பந்தியம்மா உன் கிண்ணத்தில் குச்சியை விட்டு எடுக்கிறார், நீ பேசாமல் இருக்கிறாய். வீட்டு மனுஷியிடம் இருப்பதுபோல. என்னிடம் மட்டும், மறுக்க முடியாத விருந்தாளி வைத்ததுபோல, பயந்துகொண்டே தின்றாய். அம்மா மனம் நோகக்கூடாது என்று நினைத்திருப்பாய். அன்றைக்கு நான் ஜெயித்தேன் என்று இத்தனை நாள் கொண்டாடிக்கொண்டிருந்தேனே, என்னை என்ன சொல்ல.

இனி ஒன்று கேட்கிறேன். கணக்குப் பார்த்தால் உனக்கு மே கடைசி, அல்லது ஜூன். அங்கே குளிர்காலம். பிரசவித்தவளை ஒரு மாதம் வெளியே விடாமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றவிடாமல், பன்றிக்காலும் இஞ்சியும் முட்டையும் கறுப்பு வினிகரில் வேகவைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும். வழக்கப்படி அந்த வினிகர்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுகிற உரிமை மாப்பிள்ளை வீட்டுக்கு. எனக்குத் தெரியும். சம்பந்தியம்மா நன்றாகவே செய்வார். என்னைவிட நிதானமாகச் செய்வார்.

ஆனாலும் அந்த ஒரு மாதம் எனக்கு வேண்டும். சட்டி அவருடையதாகவே இருக்கட்டும், நான் இஞ்சியை உரித்துக் கொடுக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்கிறேன், நேரில், தேநீர் ஊற்றிக் கொடுத்து. பொத்தான் கடையைக் குவென் அக்காவின் தங்கை பார்த்துக்கொள்வாள். அறை தேவையில்லை, நடையில் ஒரு பாய் போதும்.

யோசித்து எழுது. சம்பந்தியம்மாவிடமும் கலந்து பேசு. வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் ஒரு வாரம் அழுவேன், ஊர் முழுக்கப் பேசித் தீர்ப்பேன், பிறகு சரியாகிவிடுவேன். எதுவானாலும் என் மனம் நோகக்கூடாது என்று மட்டும் சொல்லாதே. என்னிடம் மரியாதை காட்டாதே, மகளே.

குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடக்காதே. கனமான எதையும் தூக்காதே. நீங்கள் இரண்டு பேரும்... இல்லை, இப்போதே எண்ணக்கூடாது. நீ நன்றாக இரு.

உன்னைப் பெற்ற,
அம்மா