கண்ணாடிக் கடைக்காரன் தடுத்த பந்து

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா, அம்மாவுக்கு முழங்கால் தேவலையா என்று எழுது. கையெழுத்து கோணுகிறதே என்று பயப்படாதே. முன்கை இரண்டும் கொஞ்சம் வீங்கியிருக்கின்றன, அவ்வளவுதான்.

எங்கள் கடைகளுக்கு முன்னால் சரக்கு இறக்க ஒரே இடம்தான். அது போனால் என் கண்ணாடிப் பெட்டிகளைத் தெருக்கோடியிலிருந்து சுமந்து வந்து, பாதியை உடைக்க வேண்டியதுதான். பக்கத்து லாரி ஆபீஸ்காரர்களும் அதைக் கேட்டார்கள். வாலிபாலில் ஜெயிப்பவருக்கே இடம் என்று முடிவாயிற்று. கடைக்காரர்கள் பக்கம் ஆள் போதாமல் என்னையும் பின்வரிசையில் நிறுத்தினார்கள்.

என் கை எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியும். விழப்போகிற எதையும் பாய்ந்து மார்போடு அணைத்துக்கொள்ளும். பந்தையும் அணைத்தேன். அணைத்தபோதெல்லாம் அவர்களுக்குப் பாயிண்ட்.

“மொதலாளி, அது பூஜாடி இல்ல, பந்து! பிடிக்காதீங்க! ரெண்டு கையையும் சேர்த்து நீட்டுங்க, கால் முட்டிய மடக்குங்க, தானா எழும்பும்!” என்று கத்தினார் எங்கள் சுமைக்காரர்.

“விலை பேசாம அவரு எதையாவது கைய விட்டு விடுவாரா?” என்று எதிர்ப்பக்க டிரைவர் சிரித்தான்.

மற்றவர்கள் எப்படியோ ஆட்டத்தைச் சமன் செய்தார்கள். கடைசிப் பந்தை அந்த டிரைவர் வேண்டுமென்றே என் மேல் அடித்தான். கைகளைச் சேர்த்து நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பந்து எழும்பி, வலையைத் தாண்டி, அவர்களின் காலி மூலையில் விழுந்தது. இடம் நமக்கு!

வலித் தைலம் ஒரு புட்டி அனுப்பு. இங்கேயே மலிவாகக் கிடைக்கிறது. இருந்தாலும் நீ கட்டிய பொட்டலமென்றால், சாயங்காலம் உட்கார்ந்து நிதானமாகப் பிரிக்கலாம்.

வாசலில் நம் சரக்கு லாரி ஹாரன் அடிக்கிறது. அந்த இடத்தில் வேறு எவனாவது வண்டியைச் சொருகுமுன் ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்