ஒன்பதாவது முறை பார்த்த பஸ் படம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் பழைய வழக்கப்படி தாளும் பேனாவும். பொறுமையாகப் படி.

என் உடம்பு அப்படியேதான். வாரத்தில் மூன்று நாள் காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ், மற்ற மூன்று நாள் அச்சகம். மெய்ப்புப் பார்க்கிற வேலையை விடவில்லை. முதலாளி நாற்காலிக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறார். போன வாரம் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் 'மணமகன்' என்பது 'மணமகான்' என்று வந்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு சாமியார் கிடைத்திருப்பார்.

டயாலிசிஸ் அறையில் நாங்கள் நான்கு பேர். நான், ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவர், ஒரு வக்கீல், ஒரு தையல்காரம்மா. நான்கு மணி நேரம் கையை அசைக்காமல் கிடக்க வேண்டும். எதிர்ச் சுவரில் ஒரே ஒரு டிவி. அதில் எந்தப் படம் என்பதற்குத்தான் எங்களுக்குள் தினமும் பஞ்சாயத்து. டிரைவருக்கு ஒரே படம்தான். கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பத்தை பஸ் தப்பான ஊருக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும். அவர்களும் தெரியாமல் யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் சாப்பிட்டு, வாழ்த்தி, பந்தியில் இடத்துக்குச் சண்டையும் போட்டுவிடுவார்கள். பழைய படம். நீ பார்த்திருக்க மாட்டாய்.

வக்கீலுக்கு அந்தப் படத்தைக் கண்டாலே ஆகாது. "படத்துல வர்ற அந்த டிரைவருக்கு லைசென்ஸ் குடுத்ததே சட்டப்படி செல்லாது" என்பார். "புதுப் படமா பாத்தா என்ன, குறைஞ்சா போயிடுவோம்?" என்று ஒருநாள் கேட்டார். டிரைவர் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். "புதுப் படம்னா பாதியில மயக்கம் வந்துட்டா முடிவு தெரியாது சார். இதுன்னா எங்க கண்ணை மூடினாலும் மீதிக் கதை எனக்குத் தெரியும்." அதற்குப் பிறகு வக்கீல் ரிமோட்டைக் கேட்கவில்லை. நாங்களும் அவ்வப்போது பஸ் படத்தையே பார்க்க ஆரம்பித்தோம்.

திரும்பத் திரும்பப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது தம்பி. முதல் இரண்டு முறை கதை ஓடியது. அப்புறம் என் தொழில் புத்தி வேலை செய்தது. படத்தில் வரும் பெரியப்பா பஸ் ஏறும்போது கையிலிருந்த பை பச்சை, இறங்கும்போது நீலம். இப்படிப் பதினொரு பிழை கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். பிழையெல்லாம் தீர்ந்த பிறகு மனிதர்கள் கண்ணில் பட்டார்கள். பஸ் வழி தப்புகிற அந்த முச்சந்தி வரும்போதெல்லாம், இந்த முறையாவது பஸ் வலது பக்கம் திரும்பிவிடாதா என்று தையல்காரம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். எத்தனை தரம் ஏமாந்தாலும் புத்தி வராது. எனக்கும்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் டிரைவரின் நாற்காலி காலியானது. பயப்படாதே, நல்ல சேதிதான். அவருடைய தம்பி கிட்னி கொடுத்தார். எங்களுக்குச் சந்தோஷம். பொறாமையும் இருந்தது, அதை மறைப்பானேன். அன்றைக்கு டெக்னீஷியன் பெண் ஒரு புதுப் படம் போட்டாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, "அந்த பஸ்ஸையே போடும்மா" என்றது யார் தெரியுமா? வக்கீல்.

போன திங்கட்கிழமை டிரைவர் எங்களைப் பார்க்க வந்தார். முகக்கவசம் கட்டிக்கொண்டு வாசலோடு நின்றார், உள்ளே விடமாட்டார்கள். தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அவனுக்கு என்னம்மா, சைக்கிள்ல சுத்துறான். அவன் தும்மினாதான் நான் டாக்டருக்கு போன் போடுறேன்" என்றார். முதலில் அவர் ஆறு மாதம் வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னோடதுன்னா உனக்கு அவ்வளவு இளப்பமா போச்சா?" என்று கேட்டுவிட்டு, அண்ணனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம்.

அவர் போன பிறகு படம் ஓடியது. எனக்கு அது ஒன்பதாவது முறை. அந்த பஸ்ஸில் கடைசி வரிசையில் ஓர் அத்தை உட்கார்ந்திருப்பாள். வழி தப்பு என்று அவளுக்கு முச்சந்தியிலேயே தெரியும். வாயே திறக்க மாட்டாள். எல்லாம் முடிந்த பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். "எல்லாரும் சந்தோஷமா பாடிட்டு வந்தீங்க, நான் எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்" என்பாள். எட்டு முறையும் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதேன். ஊசி வலிக்கிறது என்று நினைத்து டெக்னீஷியன் பெண் ஓடி வந்தாள்.

தம்பி, நீ போன முறை லீவில் வந்தபோது சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுப் போனாயே, அது பொருந்தவில்லை என்று உன்னிடம் சொன்னேன். பொய். பொருந்துகிறது. அறிக்கை என் பீரோவில் இருக்கிறது. டாக்டரிடமும், தம்பிக்கு வர முடியவில்லை என்று ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

உனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது, உன்னைக் கத்திக்குக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். இத்தனை நாள் அதைப் பெருந்தன்மை என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். அது பயம். பொருந்துகிறது என்று நான் சொல்ல, நீ ஒரு நிமிடம் தயங்கி, அந்தத் தயக்கம் என் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் நமக்குள் என்ன மிச்சம் இருக்கும்? அதைவிடப் பொய் மேல் என்று தோன்றியது. பொருந்தவில்லை என்றதும் நீ போனில் "சரிக்கா" என்றாய். அந்தச் 'சரிக்கா'வை நூறு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதில் இருந்தது வருத்தமா நிம்மதியா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

இரண்டில் எதுவாக இருந்தாலும் குற்றமில்லை. இதை நான் மனசாரச் சொல்கிறேன். இரத்தம் பொருந்தியதாலேயே நீ கட்டுப்பட்டவன் ஆகிவிட மாட்டாய். இன்னும் பல சோதனைகள் இருக்கின்றன, அதற்கு நீ நேரில் வர வேண்டும், அதற்கப்புறம்கூட டாக்டர் வேண்டாம் என்று சொல்லலாம். எனக்கு இந்த நாற்காலி பழகிவிட்டது. பேச்சுத் துணைக்கு வக்கீலும் தையல்காரம்மாவும் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் செய். இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல். நீ சொல்லி அவள் கேட்பது வேறு, அவளே படிப்பது வேறு. அவள் எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல். அவள் பயந்தால் அந்தப் பயம் நியாயம்தான். அவளிடம் கோபித்துக்கொள்ளாதே. உங்கள் பதில் என்னவாக இருந்தாலும் எனக்கு எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும். என் முதல் ஆசை அதுதான். அதற்குக் குறுக்கே வருமென்றால் இரண்டாவது ஆசை எனக்கு வேண்டாம். வராதென்றால், தம்பி, எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்க ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அக்கா