கொட்டகைக்குள் ஓர் அடிவானம்

ஜனவரி 9

கொட்டகையில் ஹீட்டரைப் போட்டு, என் விமானம் நின்றிருந்த இடத்தைக் கூட்டினேன். தரையில் எண்ணெய்க் கறை போகவில்லை. போகவும் வேண்டாம். அந்தக் கறைக்கு நடுவில் ஓர் ஆணி அடித்து, கயிறு கட்டி, நுனியில் பென்சிலைச் செருகி அரைவட்டம் போட்டேன். அந்தக் கோட்டின் மேல் திரை நிற்கும். நடுவில் நான் உட்காருவேன். தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டருக்கு மேசை மேல் ஒரு மானிட்டர் போதும் என்கிறார்கள். விமானத்தில் தாழப் பறந்து பயிருக்கு மருந்து தெளிக்கிறவளுக்குப் போதாது. அவள் மூக்குக்கு நேரே பார்த்து ஓட்டுவதில்லை, கண்ணோரத்தில் ஓடும் மரங்களை வைத்து ஓட்டுகிறாள்.

ஓட்டுகிறாளாம். ஓட்டினாள்!

நெஸ்டர் கதவருகே வந்து நின்றான்.

"என்ன பண்ற?"

"தெரியல? கோடு போடறேன்."

போய்விட்டான். புருஷனோடு இன்றைக்குப் பேசினது அவ்வளவுதான்.

ஜனவரி 12

நினைக்க நினைக்க எரிகிறது. ஆகஸ்டில் சமையலறையில் விழுந்தேன். காலை முழுக்கக் கனோலாப் பயிருக்கு மருந்து அடித்துவிட்டு, வெறும் காபியோடு வந்து நின்றவள் விழாமல் என்ன செய்வாள்? டாக்டரிடம் அதைத்தான் சொன்னேன். நான் உடை மாற்றப் போன நேரத்தில் நெஸ்டர் வாயைத் திறந்தான். "கை கால் இழுத்துச்சு டாக்டர். கண்ணு மேல சொருகிடுச்சு."

வலிப்பாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பறக்கிற லைசென்ஸ் போயிற்று. விமானத்தை அடுத்த பண்ணை கோல்பி வாங்கிக்கொண்டான்.

என் உடம்பு இழுத்தது எனக்குத் தெரியாதாம், இவனுக்குத் தெரியுமாம். பயத்தில் என்னத்தையோ பார்த்தான், பெரிசாக்கிச் சொன்னான். இல்லையென்றால் நான் வானத்தில் இருப்பதே அவனுக்கு எப்போதும் பிடிக்கவில்லையோ?

ஜனவரி 27

பிளைவுட்டில் வளைவுச் சட்டங்களை வெட்டி, மேலே ஒன்று கீழே ஒன்றாக வைத்து, நடுவில் கட்டைகளை நிறுத்தினேன். விலா எலும்பு மாதிரி நிற்கிறது.

மகள் டெஸ்ஸா ரெஜைனா நகரத்திலிருந்து போன் செய்தாள். "அம்மா, அப்பா பாவம்மா. தனியா உக்காந்து சாப்பிடறாராம்."

"யார் சொன்னா?"

"அவர்தான்."

அங்கேயும் போய்ச் சொல்லியாயிற்று. போட்டுக்கொடுப்பதே இவனுக்குத் தொழில்.

பிப்ரவரி 10

திரைக்கான ஹார்ட்போர்டு பலகையின் ஒரு முனையைச் சட்டத்தில் திருகிவிட்டு, மறுமுனையில் பெல்ட் போட்டு இழுத்தேன். பாதி வளைந்ததும் பெல்ட் நழுவிவிட்டது. பலகை திரும்பி வந்து தோளில் ஓர் அறை. பலகையும் பிளந்துபோச்சு. நான் கத்தின கத்தல் யார்க்டன் டவுன் வரைக்கும் கேட்டிருக்கும்.

நெஸ்டர் பூட்ஸ்கூட சரியாகப் போடாமல் ஓடி வந்தான். "இது ரெண்டு பேர் வேலை, டோரின்."

"உன்னைக் கேட்டேனா?"

"கேக்கல."

ஆனாலும் போகாமல் நின்றான்.

பிப்ரவரி 11

வேறு வழியில்லை. பிடிக்கச் சொன்னேன்.

"அந்த ஓரத்தைப் புடி. அமுக்கு. இன்னும். விடாத."

"விடல."

"பேசாத."

நெஞ்சைக் கொடுத்துப் பலகையைச் சட்டத்தோடு அமுக்கிக்கொண்டு நின்றான். நான் அவன் காதுக்குப் பக்கத்திலேயே திருகாணி இறக்கினேன். இவ்வளவு பக்கத்தில் நின்று எத்தனை மாதம் ஆகிறது! சவர நுரை வாசனை. கோபம் குறையவில்லை. எழுதியே வைக்கிறேன் — குறையவில்லை.

மார்ச் 3

பலகைகள் சேருமிடமெல்லாம் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து... இன்று வந்து பார்த்தால் குளிரில் எல்லா இணைப்பும் வெடித்துக் கிடக்கிறது. ராத்திரி நெஸ்டர் ஹீட்டரை அணைத்திருக்கிறான்!

"எண்ணெய் வீணாகுதேன்னுதான்..."

"என் லைசென்ஸ் வீணாச்சே, அன்னைக்கு எங்க போச்சு உன் சிக்கனம்?"

பட்டிக் கரண்டியை எறிந்தேன். அவன் மேல் இல்லை. கொஞ்சம் தள்ளி.

மார்ச் 5

அவன் இணைப்புகள் மேல் வலை நாடா ஒட்டிக்கொண்டிருந்தான், நான் சொல்லாமலே. நன்றாகத்தான் ஒட்டுகிறான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 22

சாம்பல் கலந்த வெள்ளை. கடைசிப் பூச்சு முடிந்தது. கையால் தடவினால் இணைப்பு எங்கே என்று தெரியவில்லை.

ஏப்ரல் 14

வாங்கி வைத்திருந்த மூன்று புரொஜெக்டரையும் மேலே மாட்டிப் போட்டேன். அசிங்கம். வளைவில் விழுந்த அடிவானம் துணி காயப்போட்ட கயிறு மாதிரி தொங்கியது. படமும் படமும் சேருமிடத்தில் பளீரென்று இரண்டு பட்டை. கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக இழுத்து நிமிர்த்தினேன். கழுத்து போயிற்று.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் எங்கள் வடக்கு வயலில் தாழப் பறந்தேன். இரண்டு பக்கமும் மரங்கள் ஓடின. வயல் முடிவில் திரும்பும்போது வயிறு தூக்கிப்போட்டது, நாற்காலி அசையவே இல்லை, ஆனால் வயிற்றுக்கு அது தெரியவில்லை. கன்னம் ஈரம். போகட்டும், யார் பார்த்தார்கள்?

மே 6

கோல்பி வந்தான். இந்த வருஷம் எங்கள் வயலுக்கும் அவன்தான் மருந்து அடிக்கப்போகிறான். "அக்கா, உங்க வடக்கு வயல்ல மின்கம்பி எங்க தாழ்ந்திருக்குன்னு சொன்னீங்கன்னா..." திரையைப் பார்த்ததும் வாய் நீண்டது. "அட, சொகுசுதான்! காத்து இல்ல, மருந்து நாத்தம் இல்ல."

"உக்காரு. நீயே கண்டுபிடி."

முதல் சுற்றிலேயே கம்பியில் மாட்டினான். முகம் சுருங்கிப்போச்சு.

"இன்னொரு தடவை உக்காரவா அக்கா?" என்றான், சின்னக் குரலில். மூன்று தடவை உட்கார வைத்தேன். என் விமானம் அது. கம்பியில் போய் விழக்கூடாது.

மே 19

நாக்கைக் கடித்திருக்கிறேன். பேண்ட் நனைந்திருந்தது.

மதியம் பறந்துகொண்டிருந்தேன். வயலின் தென்கோடியில் திரும்பினேன். அதற்கப்புறம் — ஒன்றுமில்லை. கண் திறந்தபோது விமானம் ஓடுபாதையின் தொடக்கத்தில் நின்றிருந்தது, இன்னும் கிளம்பவே இல்லை என்கிற மாதிரி. விமானம் விழுந்தால் இந்த மென்பொருள் அப்படித்தான் கொண்டுவந்து நிறுத்தும்.

நெஸ்டர் டவுனுக்குப் போயிருந்தான். துணியைத் துவைத்துப் போட்டுவிட்டேன்.

மே 21

பறந்ததையெல்லாம் அந்த மென்பொருள் பதிந்து வைத்திருக்கும். பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன்.

திரும்புகிற வரைக்கும் அழகாகப் பறக்கிறது. பிறகு மூக்கு இடமும் வலமுமாக உதறுகிறது. இடம், வலம், இடம், வலம், ஒரே தாளத்தில். விமானம் அப்படி உதறாது. நாற்காலிக்குக் கீழே மூக்கைத் திருப்பும் மிதிகள் இருக்கின்றன, மிதிகளில் என் கால்கள்.

என் கால் அது. இழுத்திருக்கு.

பிறகு மெதுவாகச் சாய்ந்து, சாலையைத் தாண்டி, கோல்பி வீட்டுக் கூரை மேல் விழுகிறது. அவன் பெண்டாட்டி எந்த நேரமும் துணி காயப்போடுகிற பக்கம்.

யார் மேல் கோபப்படுவது இனிமேல்? சொல்லு. யார் மேல?

மே 23

நெஸ்டரைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்காரவைத்தேன். அந்தப் பதிவை ஓடவிட்டேன்.

மூக்கு உதற ஆரம்பித்ததும் எழுந்துவிட்டான். என் கையைப் பிடித்தான். "எப்ப?"

"ஞாயித்துக்கிழமை."

"இப்படியேதான் இருந்துச்சு டோரின். அன்னைக்கு. இப்படியேதான். நீ செத்துட்டேன்னு நெனச்சேன்." அழுதான். பெரிய ஆள், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு. "நான் கூட்டிச் சொல்லல."

"தெரியுது. வாயை மூடு," என்றேன். அவன் கையை நானும் விடவில்லை.

மே 24

டாக்டருக்கு நானே போன் செய்தேன். நானே சொன்னேன், எல்லாம்.

ஜூன் 7

சாஸ்கடூன் நகரத்தில் நரம்பு டாக்டரைப் பார்க்கப் போனோம். மாத்திரையை மாற்றுகிறார்கள். காரையும் தொடக்கூடாதாம். நெஸ்டர்தான் ஓட்டினான். என்ன ஓட்டு! டிராக்டர்கூட எங்களைத் தாண்டிப் போகும். "மிதி, மிதி," என்று வழி முழுக்கத் திட்டினேன். பிரேக்குக்கு, லாரிக்கு, திருப்பத்துக்கு, எல்லாவற்றுக்கும் திட்டினேன். வாட்ரஸ் ஊரைத் தாண்டினதும் கேட்டான், "பசிக்குதா?"

"பசிக்குது. இடது பக்கம் திரும்பு. மெதுவா. அங்க பெரோகி நல்லா இருக்கும்."

இரண்டு தட்டு வாங்கினோம், உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை, மேலே வதக்கின வெங்காயம். என் தட்டிலிருந்த வெங்காயத்தை எடுத்து அவனுக்குப் போட்டேன்.