மூன்றாம் எதிர்மனுதாரர்

சண்டிலிப்பாய்,
09.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மச்சாளின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக என் மகள் மதுரா சொன்னாள். கனடாவில் எல்லோரும் சுகமாயிருக்க அம்மாளாச்சி துணை. தொலைபேசியில் பேசினால் வழக்கம்போல் என் வாயை அடைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். மதுரா இதைப் படமெடுத்து அனுப்புவாள். தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

இங்கே பயிற்றைக் கொடி எல்லாம் காய்ந்துவிட்டது. கிணறு வேலிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மார்ச் பதினேழாம் திகதி சித்தப்பாவின் மகன் கோபிசங்கர் ஆட்களோடு வந்து எங்கள் கூட்டுக் காணியைச் சுற்றித் தகரம் அடித்ததை அன்றைக்கே உங்களிடம் அழுதழுது சொன்னேன். காணி நம் இருவர் பேரிலும்தான். ஆனால் இருபத்திரண்டு வருடமாக அதைக் கொத்தியதும் இறைத்ததும் நான்.

பொலிசுக்கு மூன்று தரம் போனேன். முதல் தரம் முறைப்பாட்டை எழுதினார்கள். அடுத்த தரம் பொறுப்பதிகாரி லீவு. மூன்றாம் தரம் ஒருவர் பேனையைக்கூட எடுக்காமல், "அதுதான் உங்கடை குடும்பத்துக்குள்ளை முடிஞ்சுதே அம்மா, ஏன் திரும்பத் திரும்ப வாறியள்?" என்றார். கோபிசங்கர் கதை கட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். நான் ஒரு விசரி.

நீங்களோ ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுத்து, "பொறு பிள்ளை, கோடு கச்சேரி எண்டு அலையாதை, நான் அவனோடை கதைக்கிறன்" என்றீர்கள். பிறகு வெசாக் லீவு முடியட்டும் என்றீர்கள். அண்ணை சொன்னால் சரி என்று இருந்துவிட்டேன்.

மே கடைசியில்தான் சட்டத்தரணி தனுஷாவிடம் போனேன். காணியிலிருந்து துரத்தப்பட்டால் இரண்டு மாதத்துக்குள் பொலிசோ நாமோ நீதவானிடம் போக வேண்டுமாம். தவணை முடிந்து பதினொரு நாள் என்றாள். "ஏன் அக்கா இவ்வளவு நாளும் இருந்தனீங்கள்?" என்று கேட்டாள். அண்ணை பொறுக்கச் சொன்னவர் என்றேன்.

பொலிஸ் ஏன் அசையவில்லை என்று அவள் எழுத்தில் கேட்டதற்குப் போன வியாழன் பதில் வந்தது. கூடவே ஒரு பிரதி. மார்ச் இருபதாம் திகதி நீங்கள் பொறுப்பதிகாரிக்கு எழுதிய கடிதம். காணியை விற்கப் போகிறீர்களாம், கோபிசங்கரிடம் நீங்களே ஒப்படைத்தீர்களாம், தங்கச்சி அங்கே பயிர் செய்வதே இல்லையாம், நடவடிக்கை வேண்டாமாம். அடியில் உங்கள் கையெழுத்து.

மூன்றாம் நாளே அதை எழுதிவிட்டு, எட்டு ஞாயிறு என்னைப் பொறுக்கச் சொன்னீர்களே, அண்ணா! விற்பதென்றால் கூட்டுக்காரியை முதலில் கேட்க வேண்டும் என்பது நம் தேசவழமைச் சட்டம். கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், பிறகு இறங்கி வந்திருப்பேன். கோபிசங்கர் எப்போதும் அப்படித்தான், அவனில் எனக்குக் கோபம்கூட இல்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்தது நீங்கள்.

பொலிஸ் தன் கடமையைச் செய்யவில்லை என்று மேல் நீதிமன்றத்துக்கு தனுஷா மனு எழுதியிருக்கிறாள். எதிர்மனுதாரர்களில் முதலாவது பொறுப்பதிகாரி, அடுத்தது கோபிசங்கர், மூன்றாவது நீங்கள். உங்கள் பெயரை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். அந்தக் கடிதம் இருக்கும்வரை முடியாது என்றுவிட்டாள். நீங்கள் எழுதியது பொய், தோட்டம் செய்தது நான்தான் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து அனுப்பினால் உங்கள் பெயரை எடுக்கலாமாம்.

வெள்ளிக்கிழமை மனுவில் கையெழுத்து வைக்க வரச் சொல்லியிருக்கிறாள். நீங்களும் மச்சாளும் மருமக்களும் நீடூழி வாழ வேண்டும் என்று இன்று காலையும் விளக்கேற்றித்தான் இதை எழுதத் தொடங்கினேன். அதில் பொய்யில்லை. அண்ணா, வெள்ளிக்கு முன் அதை அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு எதிராக என்னைக் கையெழுத்து வைக்கச் செய்துவிடாதீர்கள்.

இன்னும் உங்கள் தங்கச்சி,
சிவகௌரி